அக்காவின் செத்தவீடும் நீ அனுப்பிய கமெராவும்

அளம்பில்,
முல்லைத்தீவு.
புதன்கிழமை.

என் அன்பான தங்கச்சி பிரேமிளாவுக்கு,

உனக்கும் மச்சான் கொலின்ஸுக்கும் பிள்ளை யதுசாவுக்கும் ஆண்டவர் நல்ல சுகத்தையும், அங்கத்தைய குளிரைத் தாங்கும் நெஞ்சுறுதியையும் தரவேண்டுமென்று மன்றாடிக்கொண்டு உன் அண்ணன் கிறிஸ்தோப்பர் எழுதுவது. இங்கே நானும் உன் மச்சாளும் உடம்பளவில் சுகம். மனதளவில் நான் சுகமில்லை; காரணம் கீழே வருகிறது. இதைப் போனில் சொல்லலாமே என்று கேட்பாய். சொல்லத்தான் மூன்று தரம் எடுத்தேன். நீ 'அண்ணை' என்றவுடனேயே அழத் தொடங்குகிறாய், நான் சிக்னல் இல்லை என்று பொய் சொல்லி வைத்துவிடுகிறேன். தாளென்றால் அழாது, குறுக்கே கேள்வியும் கேட்காது. பிரான்சிலிருந்து லீவில் வந்து நிற்கிற நிருஷன் வெள்ளிக்கிழமை பிளேன் ஏறுகிறார். அவரிடம் இந்தக் கடிதத்தையும் உன் கமெராவையும் கொடுத்துவிடுகிறேன்.

பொருள்: தங்களால் அனுப்பிவைக்கப்பட்ட சிறிய டிஜிட்டல் கமெரா ஒன்றின் தரம் பற்றிய அபிப்பிராயம்.

'தங்களால்' என்று எழுதியதற்குக் குறை நினைக்காதே. முப்பத்தொரு வருடம் கடற்றொழிலாளர் சங்கத்தில் இலிகிதராக இருந்து கடிதம் எழுதிய கை, பொருள் என்று போட்டவுடன் தானாகவே மரியாதைக்குப் போய்விடும். யதுசாவுக்கும் இதே மாதிரி ஒன்று வாங்கப் போகிறோம், பாவித்துப் பார்த்து வடிவாக எழுதி அனுப்புங்கோ அண்ணை, சரியில்லை என்றால் கடைக்காரன் மூன்று மாதத்துக்குள் திருப்பி எடுப்பான் என்று நீதான் கேட்டாய். படகு எஞ்சின், ஐஸ் பெட்டி, நைலோன் வலை என்று எத்தனைக்கு எழுத்தில் அபிப்பிராயம் கொடுத்தவன் நான். ஆனால் ஒன்றுக்காவது இவ்வளவு வெட்கத்தோடு எழுதியதில்லை.

முதலில் நிறைகள். சட்டைப் பொக்கற்றுக்குள் அடங்குகிறது. பாரம் ஒரு சவர்க்காரக் கட்டியளவு. பின்பக்கத்துத் திரையை அலுமாரிக் கதவு மாதிரி வெளியே திறந்து, மேலே, கீழே, ஏன் முன்பக்கமாகவும் திருப்பிவிடலாம். முன்பக்கம் திருப்பினால் படத்துக்கு நிற்கிற ஆள் தன்னைத் தானே பார்த்துக்கொண்டு நிற்கலாம். இதை நிறைகளின் பக்கம்தான் அன்றைக்கு எழுதி வைத்தேன், இப்போது வெட்டவும் மனமில்லை, விடவும் மனமில்லை. இனிக் குறைகள். விரலால் திரையைத் தொட்டால் வேலை செய்யும் என்றாய், யாருடைய விரலால் என்று சொல்லவில்லை. எங்கள் விரல்களை அது விரலென்றே எடுக்கவில்லை. நாற்பது வருடம் வலை இழுத்து அக்காவுக்குச் சோறு போட்ட சின்னராசா அத்தான் பத்துத் தரம் தொட்டுப் பார்த்துவிட்டு, "கிறிஸ்தோப்பர், எனக்கு உயிர் கிடக்கோ எண்டு ஒருக்காப் பார், உது என்னைக் கணக்கெடுக்குதில்லை" என்றார். என் விரலை மட்டும், அதுவும் துடைத்துத் துடைத்து வைத்தால், கொஞ்சம் மதித்தது. அடுத்த குறை, பாஷை. முதன்முதல் போட்டவுடன் பிரெஞ்சில் என்னென்னவோ கேட்டது. கீழே இரண்டு பெட்டி. ஒன்று 'உய்', மற்றது 'நோன்'. 'உய்' என்றால் ஓம் என்று யதுசா ஒருநாள் சொன்னது ஞாபகம் இருந்தது. மேலிடம் கேட்ட எதற்கும் முப்பத்தொரு வருடம் ஓம் போட்ட ஆள் நான். கமெரா கேட்ட பதினொரு கேள்விக்கும் ஓம் போட்டேன். பிரேமிளா, அந்தப் பதினொரு ஓமில் ஒரு ஓம்தான் என் மானத்தை வாங்கியது, அது பிறகு வருகிறது.

அதற்கு முதல் இன்னொன்றைச் சொல்ல வேண்டும், இது கமெராவின் குறையில்லை, என்னுடையது. கமெரா என் கைக்கு வந்து அக்கா சாகும்வரைக்கும் இரண்டு மாதம் இருந்தது. முதல் நாள் நானும் அத்தானும் தொட்டுப் பார்த்ததோடு சரி, அந்த இரண்டு மாதமும் அதை நான் உன் மச்சாளின் கூறைச்சேலை மடிப்புக்குள் வைத்து அலுமாரியைப் பூட்டி வைத்திருந்தேன். கடற்காற்று பட்டால் உப்புப் பிடிக்கும், திரையின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய பொலித்தீனை உரித்தால் கீறல் விழும், முழுக்கப் பழகாமல் எடுத்தால் பழுதாகும், இப்படி ஆயிரம் நியாயம் வைத்திருந்தேன். அக்கா இரண்டு தரம் கேட்டா. முதல் தரம் மீன் வெட்டிக்கொண்டு இருந்தபடி, "தம்பி, என்னை ஒண்டு எடன். ஐடென்ரிக் காட்டில கிடக்கிறது நானில்லை, ஆரோ கோழி களவெடுத்துப் பிடிபட்டவள்" என்றா. உனக்குத் தெரியும்தானே, இடம்பெயர்ந்து போன வழியில் பெட்டியோடு எங்கள் படங்களெல்லாம் போனபிறகு அக்காவுக்கென்று இருந்தது அந்த ஒரு படம்தான். நான், "பொறணை அக்கா, வடிவாப் பழகிப்போட்டு எடுப்பம்" என்றேன். இரண்டாம் தரம், ஞாயிறு பூசை முடிந்து, திருநாளுக்குக் கட்டிய நீலச் சேலையைக் கட்டி, பவுடரும் போட்டு, நேரே எங்கள் வீட்டுக்கு வந்து முன் கதிரையில் இருந்துகொண்டு, "இப்ப எடு பாப்பம்" என்றா. பற்றறி முதல் தரம் எட்டு மணித்தியாலம் சார்ஜ் ஏற வேண்டும் என்று நான் சட்டம் கதைத்தேன். ஒரு மணித்தியாலம் இருந்து பார்த்தா, தேத்தண்ணியைக் குடித்தா, "உன்ர கமெராவுக்குக் கலியாணம் முடிஞ்சாப் பிறகு சொல்லியனுப்பு" என்றுவிட்டு எழும்பிப் போனா. அதற்குப் பிறகு கேட்கவில்லை. அந்தக் கதிரையைப் பார்க்க ஏலாமல் பின்பக்கம் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். நான் ஒரு மடையன், பிரேமிளா. வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

அக்கா போன அன்று நீ போனில் அழுதுகொண்டு சொன்னதை நான் மறக்கவில்லை. சின்னண்ணை மோசம் போனபோது, நாங்கள் உனக்கு அறிவிக்க முதலே, பெட்டிக்குள் கிடந்த அவரின் முகத்தை யாரோ முகநூலில் போட, வேலைக்குப் போகிற ரெயினுக்குள் வைத்து நீ அதைப் பார்த்தாயே. "இந்த முறை ஒருத்தரும் போனில எடுக்கக்கூடாது அண்ணை. நான் வர ஏலாது, விசாவும் இல்லை. நீங்கள் என்ர கமெராவால எடுத்து எனக்கு மட்டும் அனுப்புங்கோ. அக்காவைக் கடைசியாப் பாக்க எனக்கு உங்கட படம் மட்டுந்தான்" என்றாய். ஓம் என்றேன். உடனே ஒரு அறிவித்தல் எழுதிப் பந்தல் காலில் ஒட்டினேன்: 'கைத்தொலைபேசியில் படம் பிடித்தல் முற்றாகத் தடை. படப்பிடிப்பு குடும்பத்தினரால் ஒழுங்கு செய்யப்பட்டுள்ளது.' அழைப்பு வந்ததென்று போனைத் தூக்கிய ஒரு பாவி மனுசனையும் பந்தலுக்கு வெளியே அனுப்பினேன். முல்லைத்தீவு ரவுணில் ஸ்ரூடியோ வைத்திருக்கிற றொமேஸ், அத்தானின் ஆட்கள் வரச் சொன்னார்களென்று குடையும் லைற்றும் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். "தம்பி, பிரான்சில இருந்து கமெரா வந்திருக்கு. உன்ர சாமானொண்டும் தேவையில்லை, தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போ" என்றேன். அவன் குடித்துவிட்டுப் போனான். அதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமோ? அக்கா பெட்டிக்குள் கிடக்கிறா, இவருக்குப் பெருமை.

இனி அந்தப் படம். பெட்டியைக் கோயிலுக்கு எடுக்க முதல் குடும்பத்துச் சனம் எல்லாம் பின்னால் வரிசையாக நின்று, வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கென்று ஒரு படம் எடுக்கிறது நம் வழமைதானே. அதில் வருகிற சண்டையும் வழமை. அத்தானின் தாய் செத்தபோது யாரோ எடுத்த படத்தில் அத்தானின் கடைசித் தங்கச்சி பிரியந்தினிக்குப் பாதி முகம்தான் விழுந்தது. எடுத்த ஆளோடு மூன்று வருடமாக அவளுக்குக் கதை இல்லை. இந்த முறை அந்தப் பிரச்சினையே வரக்கூடாது என்று யோசித்து, எனக்கு வந்த மூளையைப் பார், திரையை முன்பக்கம் திருப்பிவிட்டேன். எல்லாரும் தாங்கள் படத்துக்குள் நிற்கிறோமோ என்று தாங்களே பார்த்துக்கொள்ளட்டும். ஒரு கதிரைக்கு மேல் செபப் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் கமெராவை வைத்து, பின்னால் முழங்காலில் நின்று பொத்தானை அமத்தினேன். 'கீச்' என்றது, படம் எடுக்கவில்லை. திரும்ப அமத்தினேன். 'கீச்.' திரை அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு இருப்பதால் அதில் என்ன தெரிகிறதென்று எனக்குத் தெரியாது. எனக்கு எதிரே நின்ற முப்பது பேருக்கும் தெரியும்.

"ஒருத்தரும் அசையாதேங்கோ, இப்ப எடுத்துவிடும்" என்றேன். எடுக்கவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் ஒரு மனுசர் அழலாம்? ஒப்பாரி மெல்ல மெல்லக் குறைந்தது. பெண்கள் சேலைத் தலைப்பைச் சரிசெய்யத் தொடங்கினார்கள். "இராசேஸ்வரி, கொஞ்சம் அங்கால நில்லும், உம்மட தலை மறைக்குது" என்று ஒரு குரல். பிரியந்தினி கண்ணீரைத் துடைத்துவிட்டு நெற்றி மயிரை ஒதுக்கினாள். பாதர் மணிக்கூட்டைப் பார்த்து, "கிறிஸ்தோப்பர், பூசைக்கு நேரமாச்சு" என்றார். நான் பதறிப்போய், பின்னால் நின்றபடியே மேலால் தலையை நீட்டிக் கண்ணாடி வில்லைக்குள் எட்டிப் பார்த்தேன். என் மூக்குத் துவாரம் திரை முழுக்க நின்றதாம், பிறகுதான் சொன்னார்கள். அப்போதுதான், முதல் நாள் காலையிலிருந்து ஒரு சொல் கதைக்காமல், ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் மரம் மாதிரி நின்ற அத்தான் வாயைத் திறந்தார்.

"கிறிஸ்தோப்பர், உதில எல்லாற்ற முகத்திலயும் மஞ்சள் பெட்டி போட்டுக்கொண்டு, பக்கத்தில ஒரு சிரிச்ச மூஞ்சி மின்னுது. சிரிச்சாத்தான் எடுக்குமாம் போல கிடக்கு. இஞ்ச பார், படுத்திருக்கிற இவாவின்ர முகத்திலயும் பெட்டி போட்டிருக்கு. இவாவையும் சிரிக்கச் சொல்லியெல்லோ நிக்குது? நான் ஐம்பது வருசமாக் கேட்டுச் சிரிக்காதவா, உன்ர கமெரா கேட்டே சிரிக்கப் போறா?"

 முதலில் பிரியந்தினி மூக்கால் ஒரு சத்தம் விட்டாள். 'டிக்' என்றது கமெரா. அந்த 'டிக்'கைக் கேட்டவுடன் இராசேஸ்வரி வாயைப் பொத்தினா, பொத்த முதல் 'டிக்'. அவ்வளவுதான், ஆண்டவரே, செத்தவீடு செத்தவீடாக இல்லை. ஒருவர் அடக்க மற்றவர் வெடிக்க, டிக், டிக், டிக் என்று அது நிற்காமல் எடுத்துத் தள்ளியது. பாதர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. திரை தெரியாத, அத்தான் சொன்னதும் விளங்காத நான் ஒருவன் மட்டும் கமெராவுக்குப் பின்னால் நின்று, "ஏன் சிரிக்கிறியள்? வெக்கமில்லையோ உங்களுக்கு?" என்று கத்தினேன். அதற்கு இன்னும் கூடச் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். சிரித்துக்கொண்டு இருந்தவர் அப்படியே குனிந்து, பெட்டியின் விளிம்பில் நெற்றியை வைத்து, "என்ர இராசாத்தி" என்று ஒரு சத்தம் வைத்தார். அதுவரை அவரின் அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. வீடு முழுக்க அழுதது, நானும் அழுதேன். கமெரா மட்டும் நின்றுவிட்டது. உனக்குக் காட்ட வேண்டிய படம் அதுதான், அதை அது எடுக்கவில்லை. திரையைத் திருப்பி வைக்கவும் தோன்றாமல் கோயிலிலும் அமத்தினேன், சேமக்காலையிலும் அமத்தினேன், மண் போடும்போதும் அமத்தினேன். ஒருவரும் சிரிக்கவில்லை, ஒரு படமும் இல்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் நாற்பத்து மூன்று படம். நாற்பத்து மூன்றிலும் அக்கா நீலச் சேலையோடு கண்ணை மூடிக்கொண்டு கிடக்க, பின்னால் முப்பது பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மீன் வாடியிலும் தேத்தண்ணிக் கடையிலும் 'செத்தவீட்டில சிரிப்புப் படம் எடுத்த கிறிஸ்தோப்பர்' என்று எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் கிடக்கட்டும். நீ ஒவ்வொரு நாளும் 'படம் எங்கை அண்ணை' என்று கேட்க, நான் முதலில் கமெராவின் மெமரிக் காட் வேலை செய்யவில்லை என்றேன், பிறகு கொம்பியூட்டருக்கு வைரஸ் என்றேன், போன கிழமை வற்றாப்பளைப் பக்கம் கரண்ட் இல்லை என்றேன். வற்றாப்பளையில் கரண்ட் இல்லாததற்கும் அளம்பிலில் படம் அனுப்பாததற்கும் என்ன சம்பந்தம் என்று நீ கேட்கவில்லை. நம்பினாய். அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருக்கிறது.

கடைசியில், வெட்கத்தை விட்டு, நான் துரத்திவிட்ட றொமேஸிடமே போனேன். திரையை முன்பக்கம் திருப்பினால் சிரிப்புக்குக் காத்திருக்கும்படி அதற்கு உத்தரவு கொடுத்திருக்கு என்று அவன்தான் கண்டுபிடித்தான். "அங்கிள், இது கேட்டிருக்கும், நீங்கள் ஓம் போட்டிருப்பீங்கள்" என்றான். படங்களைத் தன் கொம்பியூட்டரில் போட்டு, சிரிப்பை மூடிச் சோகமாக்க ஏலுமோ என்று ஒரு படத்தில் முயற்சி செய்து பார்த்தான். முப்பது பேருக்கும் பல்வலி வந்த மாதிரி இருந்தது. வேண்டாம் தம்பி என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கு நான் அவனைத் துரத்தியதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை, நல்ல பிள்ளை.

ஆகவே என் அபிப்பிராயம் பின்வருமாறு. இக்கமெரா எமது பிரதேசத்துக்கும், எமது விரல்களுக்கும், விசேடமாக எமது துக்க வைபவங்களுக்கும் உகந்ததல்ல. திருப்பிக் கொடுத்துவிடு, யதுசாவுக்கும் வாங்காதே. அந்த நாற்பத்து மூன்று படங்களையும் நீ பார்க்கக்கூடாது. அக்காவின் முகத்துக்கு மேல் அந்தச் சிரிப்பைப் பார்த்தால் உன் நெஞ்சு வெடித்துப்போகும். அழித்துவிடலாம் என்று பார்த்தேன். அதற்கும் பிரெஞ்சில் ஒரு கேள்வி கேட்டது, இனி எந்தக் கேள்விக்கும் ஓம் போடப் பயமாக இருக்கிறது. மெமரிக் காட்டைக் கழற்றி அரிசிப் பேணிக்குள் போட்டு வைத்திருக்கிறேன். இவ்வளவும் எழுதியபிறகு குற்றத்தைக் கமெராவின் தலையில் போட்டுவிட்டுத் தப்ப எனக்கு மனமில்லை. உயிரோடு, நீலச் சேலையோடு, பவுடரோடு ஒரு மணித்தியாலம் எனக்கு முன்னால் இருந்தவா. ஒரே ஒரு பொத்தான். நான் அமத்தவில்லை. என்னை மன்னிச்சுக்கொள், தங்கச்சி.

உங்கள் மூன்று பேரையும் கடல்மாதா தன் சேலைத் தலைப்புக்குள் வைத்துக் காப்பாற்றுவாளாக. கொலின்ஸை வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போகச் சொல். யதுசாவுக்கு மாமாவின் முத்தம்.

மனம் நொந்த அண்ணன்,
செ. கிறிஸ்தோப்பர்
(இளைப்பாறிய இலிகிதர்)

பி.கு.: வியாழன் காலை. நிருஷனிடம் கொடுக்க உறையை ஒட்டப் போகும்போது அத்தான் ஓட்டோவில் வந்து இறங்கினார். ஒரு கதவளவு பிரேம் இரண்டு கையிலும். முப்பத்தோராம் நாள் நினைவு அட்டை அடிக்க றொமேஸிடம் போனவராம். அவன் கொம்பியூட்டரில் நாற்பத்து மூன்றும் கிடந்ததாம். கடை பூட்டும்வரை இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, இருபத்தேழாவதைப் பெருப்பித்து எடுத்திருக்கிறார். "கிறிஸ்தோப்பர், உன்ர அக்கா ஒரு பகிடியை விட்டுப்போட்டு, தான் முகத்தை நீட்டிக்கொண்டு நிப்பா, நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்பம். இதில வேறென்ன நடக்குது? இதுதான் அவா" என்றார். அட்டையிலும் இதுதானாம். பாதரும் ஓம் என்றுவிட்டாராம். கமெராவை எடுத்துத் தன் சட்டைப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டார், திருப்பித் தரமாட்டாராம். ஆகவே மேற்படி அபிப்பிராயம் முழுவதும் வாபஸ். கிழித்துப்போடப் பார்த்தேன், மூன்று நாள் இருந்து எழுதினது, விடுங்கோ என்று உன் மச்சாள் தடுத்தாள். இருபத்தேழாவது படத்தின் ஒரு பிரதியை உள்ளே வைத்திருக்கிறேன், இருந்துகொண்டு பார். அக்காவின் தலைமாட்டில், அத்தானுக்குப் பக்கத்தில் இரண்டு ஆள் இடம் வெறுமையாக இருக்கும். ஒன்று நான் நிற்க வேண்டிய இடம், மற்றதைப் பிரேமிளாவுக்கென்று நினைத்து அத்தான்தான் தள்ளி நின்றவராம். றொமேஸ் இரண்டு பேரையும் அதில் சேர்த்துவிடுவான். என்னை இன்றைக்குப் பின்னேரம் எடுக்கிறானாம். உன் படம் ஒன்றை அவனுடைய போனுக்கு அனுப்பு, நம்பர் பின்பக்கத்தில். சிரித்த படமாகப் பார்த்து அனுப்பு பிள்ளை, அழுத படம் எங்களோடு சேராது.